கறுப்புத் திரையில் நாலு வரி

"டெலீட் கமாண்டை அடிக்கிறதுக்கு முன்னாடி டேட்டாபேஸ் பேரைப் படிச்சீங்களா, இல்லையா?" போனில் அவள் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்தது.

"சோதனைக்கு வெச்சிருந்ததுன்னு நினைச்சுட்டேன்," என்று ஈனஸ்வரத்தில் பதில் வந்தது.

"நினைச்சீங்களா? கிளவுட்ல இருந்து நீங்க அழிச்சது ஒரு ஆஸ்பத்திரியோட ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட் மொத்தத்தையும். ஆபரேஷனுக்குக் காத்திருக்கிறவங்க கதி என்ன?"

"அது வந்து... அது வந்து..." என்ற இழுவை மட்டும் கேட்டது. அவளுக்குக் கோபம் தலைக்கேறியது.

"இழுத்தது போதும், கையை அசைங்க. முதல்ல பேக்கப் நகல்களோட பட்டியலை எடுங்க. காலையில எடுத்தது இருக்கா? அதைப் புதுப் பேர்ல ரீஸ்டோர் பண்ணுங்க. என்டர் தட்டுறதுக்கு முன்னாடி எனக்குப் படிச்சுக் காட்டுங்க."

குழந்தைக்கு எழுத்துக்கூட்டிச் சொல்லித் தருவதுபோல் ஒவ்வொரு கமாண்டாகச் சொன்னாள். முக்கால் மணி நேரத்தில் ரிப்போர்ட்டுகள் எல்லாம் திரும்பி வந்துவிட்டன.

மறுமுனையில் பெருமூச்சு கேட்டது. "என் மானத்தைக் காப்பாத்திட்டம்மா. நாளைக்கு வழக்கம்போல ஒன்பது மணிக்கு வந்துடு."

"எதுக்கு சார்? 'கறுப்புத் திரையில நாலு வரி கமாண்ட் தட்டுறதுக்கு ஒரு ஆளா, நானே பார்த்துக்கறேன்'னு சொல்லி இன்னிக்குக் காலையிலதானே என்னை வேலையை விட்டுத் தூக்குனீங்க?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் போனை வைத்தாள்.