சுண்டெலி கட்டிய டவுன் பஸ்

சுண்டெலிக்கு அன்று வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. தீப்பெட்டி அட்டையையும் தகரத் துண்டையும் கடித்துக் கடித்து, தெருமுனையில் நிற்கும் டவுன் பஸ்ஸை அப்படியே சோப்பு டப்பா அளவில் செய்து முடித்திருந்தது. ஜன்னல் கம்பி, கிழிந்த சீட், நசுங்கிய பம்பர்கூட விட்டுப்போகவில்லை. காக்கை வந்து பார்த்துவிட்டு, "இது ஓடுமா?" என்றது.

"ஓடாது."

"தின்னலாமா?"

"தொட்டுப் பாரு, அலகைக் கடிச்சுத் துப்பிடுவேன்!"

"அப்புறம் எதுக்குடா இந்த வெட்டி வேலை? சாவி கொடுத்தா ஓடுற பஸ்ஸே கடையில தொங்குது."

"கடை பஸ்ஸுக்குப் படிக்கட்டு இருக்கா? போய்ப் பார்த்துட்டு வந்து பேசு!"

சுண்டெலி கத்திய கத்தலில் காக்கை பறந்தே போய்விட்டது.

அந்த நேரம் பார்த்து ஓர் எறும்பு படிக்கட்டில் ஏறி, ஜன்னலோர சீட்டில் உட்கார்ந்தது. மேலும் கீழும் பார்த்தது.

"ஏம்ப்பா, கண்டக்டர் மணியடிக்கிற கயிறு எங்கே? என் ஸ்டாப்புல பஸ் எப்படி நிக்கும்? பஸ் கட்டுற லட்சணமா இது?" என்று சீறியது.

சுண்டெலி ஜன்னல் வழியே உள்ளே எட்டிப் பார்த்தது. பிறகு தன் மீசையில் இருந்ததிலேயே நீளமான முடியைப் பிடுங்கியது.

"தப்புதாங்க. உட்கார்ந்திருங்க, இதோ கட்டிடறேன்."