கையெழுத்துப் போட்ட மன்னிப்பு

"ஐயா, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். நான் உங்களுக்கு ஒரு துரோகம் பண்ணியிருக்கேன்."

"எது?" என்றார் சின்னையா, சக்கர நாற்காலியில் சாய்ந்தபடி.

கமலநாதனுக்குப் பெருமூச்சு வந்தது. ஒன்றரை வருடமாகச் சனிக்கிழமை தவறாமல் இதே பேச்சுதான். முதல் தடவை வந்தபோது எல்லாவற்றையும் சொல்லி அழுதார். சின்னையாவும் அவர் தலையில் கைவைத்து மன்னித்து அனுப்பினார். மறுவாரம் வந்து, "போன வாரம் சொன்னேனே ஐயா, அது உங்க மனசுல இன்னும் இருக்கா?" என்று கேட்டால், "எது?" என்கிறார்.

அன்றைக்கே கமலநாதன் முடிவுகட்டிவிட்டார். எண்பத்திரண்டு வயது, கிள்ளானில் முதியோர் இல்லம். பக்கத்துக் கட்டில்காரருக்குப் பெற்ற மகளையே அடையாளம் தெரிவதில்லை. இவருக்கும் அந்த மறதி வியாதிதான்.

மன்னித்ததையே மறந்துவிட்டவரின் மன்னிப்பு செல்லுமா? அந்தச் சந்தேகம் வந்தபிறகு கமலநாதனுக்கு நிம்மதி ஏது. வாராவாரம் பிரிக்ஃபீல்ட்ஸில் தோசை வாங்கிக்கொண்டு வந்தார். சின்னையாவுக்குச் சவரம் செய்துவிட்டார், நகம் வெட்டிவிட்டார். இல்லத்தில் ஓடாத மின்விசிறிகளையெல்லாம் ஓடவைத்தார். கடைசியில் மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்து மன்னிப்புக் கேட்டார்.

இன்று கொஞ்சம் அவசரம். புதன்கிழமை கமலநாதனுக்கு நெஞ்சில் ஆப்பரேஷன்.

"முப்பது வருஷத்துக்கு முன்னால நம்ம சபைக்கு ஒரு மொட்டைக் கடிதாசி வந்துச்சே, உபதேசியார் குடிக்கிறார்னு. அதை எழுதினது நான்தான் ஐயா. கிறிஸ்துமஸ் கேரல் பாட்டுக் குழுவுலேருந்து என்னை எடுத்துட்டீங்கன்னு கோவம். கமிட்டி விசாரிக்கக்கூட இல்ல, உங்க உபதேசியார் வேலை போச்சு. சபை வீட்டைக் காலி பண்ணி, லோரில சாமான் ஏத்திக்கிட்டு சாலாக் செலாத்தானுக்குப் போனீங்க. நான் எதிர்க்கடையில டீ குடிச்சிக்கிட்டுப் பார்த்துக்கிட்டு இருந்தேன்."

"சரி, மன்னிச்சாச்சு. தோசை ஆறுது பாரு."

வழக்கமாக இந்த இடத்தில் கமலநாதன் பொட்டலத்தைப் பிரிப்பார். இன்று கையில் வைத்துக்கொண்டே நின்றார்.

"ஐயா, நான் ரட்சிக்கப்பட்டவன்தானா? புதன்கிழமை கண்ணைத் திறக்காமலே போயிட்டா, ஆண்டவர் என்னைச் சேர்த்துக்குவாரா?"

சின்னையா அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"இந்தத் தோசை, சவரம், ஃபேன் ரிப்பேர் எல்லாம் அதுக்குத்தானா?"

கமலநாதன் தலையைக் குனிந்துகொண்டார்.

"தோசை நல்லாத்தான்லா இருக்கு. ஆனா அதைக் காட்டி உள்ள போக முடியாது. கிருபைங்கிறது சும்மா கொடுக்கிறது. வாங்கிக்கிட்டேன்னு நம்பணும், அவ்வளவுதான். நம்பினவனும் தோசை வாங்கிட்டு வருவான், ஆனா சந்தோஷத்துல வாங்கிட்டு வருவான். நீ பயத்துல வாங்கிட்டு வர்றே."

"நம்பத்தான் பார்க்கிறேன் ஐயா. இங்க இருக்கிற வரைக்கும் நம்பிக்கை இருக்கு. வீடு போய்ச் சேர்றதுக்குள்ள சந்தேகம் வந்துடுது. கோவிச்சுக்காதீங்க, நீங்களும் மறந்துடுறீங்க. ஒரு காகிதத்துல எழுதிக் கொடுத்துடுங்களேன். ஆஸ்பத்திரில தலையணைக்கு அடியில வச்சுக்கிறேன்."

சின்னையா வாய்விட்டுச் சிரித்தார். "நீ எழுதினப்ப கையெழுத்துப் போடல. இப்ப என் கையெழுத்து மட்டும் வேணுமாக்கும்?"

கமலநாதனுக்கு அழுகை வந்துவிட்டது. சிரிப்பை நிறுத்திய சின்னையா, இல்லத்தில் வேலை பார்க்கும் லெட்சுமியைக் கூப்பிட்டுப் பேனாவும் காகிதமும் கேட்டார். மடியில் வைத்து மெதுவாக எழுதினார். நான்காக மடித்துக் கமலநாதனின் சட்டைப் பையில் அவரே வைத்தார்.

"போயிட்டு வா. அடுத்த மாசம் வந்து எனக்கு முடி வெட்டிவிடணும்."

வாசல் கேட்வரைகூட கமலநாதனால் பொறுக்க முடியவில்லை. நடந்துகொண்டே பிரித்துப் படித்தார்.

'கமலநாதனை முழு மனதோடு மன்னித்துவிட்டேன். இப்படிக்கு, சின்னையா. 3.2.2024.'

அவர் முகம் வாடிவிட்டது. கேட்டைத் திறந்துவிட வந்த லெட்சுமியிடம் காகிதத்தை நீட்டினார்.

"பாரும்மா. தேதியைக்கூடப் போன வருஷத்துத் தேதியாப் போட்டிருக்காரு. எழுதினது இன்னைக்குங்கிறதே தெரியல. இதை நம்பி நான் எப்படி ஆப்பரேஷனுக்குப் போறது?"

லெட்சுமி வாங்கிப் பார்த்தாள். "தேதி சரியாத்தானே இருக்கு அண்ணே. நான் இங்க வேலைக்குச் சேர்ந்த நாள் இது, மறக்குமா? அன்னைக்குத்தான் நீங்களும் முதல்முதல்ல வந்து ஐயா முன்னால அப்படி அழுதீங்க."

கமலநாதன் விழித்தார். "அதெப்படி அவருக்கு... அவருக்குத்தான் ஞாபகமே நிக்காதே."

"யாரு சொன்னா? ஐயா இடுப்பெலும்பு உடைஞ்சுல்ல இங்க வந்தாரு. இங்க இருக்கிற இருபது பேருக்கும் எந்த மருந்து எத்தனை மணிக்குன்னு எனக்கு எடுத்துச் சொல்றதே அவருதான். அவரு கவலையெல்லாம் உங்களைப் பத்தித்தான்."

"என்னைப் பத்தியா? என்ன கவலை?"

லெட்சுமி கொஞ்சம் தயங்கினாள். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னாள்.

"'பாவம்மா, அந்தத் தம்பிக்கு மறதி வியாதி. முதல் நாளே மன்னிச்சு அனுப்பிட்டேன், வாராவாரம் அதை மறந்துட்டு வந்து நிக்கிறான்'னு சொல்வாரு."