சைனா டாக்டருக்குத் தெரியாதது

"எங்க டாக்டருக்குத் தெரியாத தாவோவா? அவர் பொறந்ததே அந்தக் குடும்பத்துலதாங்க!"

ஆசிரமத்துக்கு வந்து, தாவோ என்கிற சீன ஞானமார்க்கத்தைப் பற்றி விசாரித்த வெள்ளைக்காரர்களிடம் செங்கம் ரோடு டீக்கடையில் அருணகிரி இப்படி அளந்துவிட்டதன் பலனாக, மறுநாள் காலை பல் ஆஸ்பத்திரி வாசலில் அவர்களில் எட்டுப் பேர் நின்றார்கள்.

எழுபத்தெட்டாம் வருஷம் அது. அருணகிரி அங்கே கம்பவுண்டர். டாக்டர் லியூ ஊருக்குச் 'சைனா டாக்டர்'. சீனாவிலிருந்து வந்த அப்பாவிடம் பல் வைத்தியம் பழகியவர். வேலூரில் பிறந்ததால் நம்மைப் போலவே தமிழ் பேசுவார்.

வந்தவர்களில் இங்க்ரிட் என்ற பெண், வலது கையால் கன்னத்தைப் பிடித்தபடி இடது கையால் ஒரு புத்தகத்தை நீட்டினாள்.

"தாவோவில் கோயில் கிடையாது, பூஜை கிடையாது. சும்மா இருந்தால் போதும் என்று இதில் இருக்கிறது. நீங்கள் எங்களுக்கு வகுப்பு எடுக்க வேண்டும்."

"இதை எழுதினவருக்குச் சீன பாஷை தெரியுமா?"

"தெரியாது. உள்ளத்தால் உணர்ந்து எழுதினார்."

டாக்டர் சுவரில் இருந்த அப்பாவின் படத்தைப் பார்த்தார். நீள அங்கி, கையில் ஊதுபத்தி.

"எங்கப்பா பல் வைத்தியத்தோட தாவோ பூசாரியாவும் இருந்தார். கோயில், விரதம், மந்திரம் எல்லாம் உண்டு. குருகிட்ட இருபது வருஷம் இருந்து கத்துக்கிட்டார். நான் பக்கத்துல விளக்குப் பிடிச்சதோட சரி. எனக்குத் தெரியாதுங்க. கல்கத்தாவுல முறையா படிச்சவர் ஒருத்தர் இருக்கார், விலாசம் தரட்டுமா?"

பேச்செல்லாம் இங்கிலீஷில். அருணகிரிக்குப் பாதிதான் புரிந்தது. ஆனால் அந்த 'ஐ டோன்ட் நோ' முழுசாகப் புரிந்தது. எட்டுப் பேரும் விலாசம்கூட வாங்காமல் படியிறங்கினார்கள்.

"என் மானத்தை வாங்கிட்டீங்களே சார்! உங்கப்பா வெச்சிட்டுப் போன பெட்டி நிறைய புஸ்தகம், தினமும் படிக்கிறீங்க. நாலு வார்த்தை எடுத்து விட்டிருந்தா ஜனம் ஜாஸ்தியா வரும்ல?"

"நான் பல் பிடுங்கறதை எத்தினி வருஷமா பார்க்கறே?"

"ஆறு வருஷமா."

"நாளைக்கு நீ ஒருத்தர் வாயில குறடு வைப்பியா?"

"ஐயோ! நான் பார்த்ததுதானே சார், கத்துக்கலையே?"

"நானும் அப்பா பூஜையைப் பார்த்தவன்தான்."

அருணகிரி குறடுகளைக் கழுவப் போனான். மனசு மட்டும் ஆறவில்லை.

அடுத்த நாள் இங்க்ரிட் தனியாக வந்தாள். நேராகப் போய்ப் பல் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"ரெண்டு மாசமாக வலி. யாரிடம் காட்டுவது என்று பயம். இங்கே வந்ததிலிருந்து எதைக் கேட்டாலும் எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது. தெரியாது என்று சொன்ன முதல் ஆள் நீங்கள்தான். பிடுங்குங்கள். போகும்போது அந்தக் கல்கத்தா விலாசமும் வேண்டும்."

இந்தத் தடவை அருணகிரிக்கு முக்கால்வாசி புரிந்துவிட்டது. அன்று சாயந்திரம் அதே டீக்கடை. புதிதாக வந்த ஒரு வெள்ளைக்காரன் தாவோ பற்றி விசாரித்தான்.

அருணகிரி சட்டைக் காலரைத் தூக்கி விட்டுக்கொண்டு, கடை முழுக்கக் கேட்கும்படி சொன்னான்:

"எங்க டாக்டருக்கு அது தெரியாதுங்க!"