டோபின் எந்தப் பக்கம்?

"இவன் நல்லவனா, கெட்டவனா?"

என்றோ ஒரு சிறுவன் தொலைபேசியில் கேட்ட அந்தக் கேள்விதான், இத்தனை வருடம் கழித்து லொரெய்னைக் காரில் ஏற்றி ஃபோர்ட் வேய்ன் நகருக்குக் கிளப்பியது. பாதி வழியில் கார் படுத்துவிட்டது. மழை வேறு. மூன்று மணிக்குள் அவள் ஓட்டல் அரங்கில் இருந்தாக வேண்டும்.

காரை இழுத்துப் போக வந்தவர் எழுபதை நெருங்கியவர். சட்டைப் பைக்கு மேல் 'ஆர்வில்' என்று பெயர் தைத்திருந்தது. பட்டறையில் விட்டுவிட்டு நாளைக்குப் பார்க்கலாம் என்றார். முடியாது, தன்னையும் காரையும் அரங்குக்கே கொண்டுபோய் விடுங்கள் என்று பிடிவாதம் பிடித்தாள் லொரெய்ன்.

"கல்யாணமா மேடம்?"

"ஓட்டெடுப்பு. ஒரு பொம்மைக்கு."

அவர் கண்ணாடியில் படிந்த ஆவியைத் துடைத்துக்கொண்டே, "எங்க ஊர் மேயருக்கே நான் ஓட்டுப் போட்டதில்ல" என்றார்.

வழி நெடுக அவள் விளக்கினாள். அந்தக் காலத்தில் வண்டியாக இருந்து ரோபோவாக மாறும் பொம்மைகள் வந்தன. கடையில் வாங்கினால், பெட்டியின் முதுகிலேயே அவன் யார், நல்லவர் படையா கெட்டவர் படையா, என்ன பலம் என்று கதை அச்சடித்திருக்கும். பெட்டியில் இருக்கும் புள்ளிச் சீட்டுகளைப் பிள்ளைகள் வெட்டிச் சேர்த்துத் தபாலில் அனுப்பினால், கடையில் கிடைக்காத சில ரோபோக்களும் வீடு தேடி வரும். ஆனால் அவை வெறும் பழுப்பு அட்டைப் பெட்டியில் வரும். கதை இருக்காது. நெஞ்சில் படை முத்திரையும் இருக்காது. இப்போது வளர்ந்துவிட்ட அந்தப் பிள்ளைகள் வருடம் ஒருமுறை கூடி, கதையில்லாதவர்களுக்குக் கதை எழுதி ஓட்டுக்கு விடுகிறார்கள். ஜெயித்த கதை அவர்கள் புத்தகத்தில் ஏறும். இந்த வருடம் டோபின் முறை. சாம்பல் நிறத்தில் குட்டியாக ஓர் இழுவை வண்டி. முத்திரை இல்லாததால், இரண்டு படைக்கும் துரோகம் செய்தவன் என்று பலரும் முடிவே கட்டிவிட்டார்கள்.

"பார்க்க உங்க வண்டி மாதிரியேதான் இருப்பான்."

"என்னை இந்த வேலைக்குப் போகச் சொன்னதே என் மகன்தான், மேடம். ஒண்ணாங்கிளாஸ் படிக்கையில. பெரிய முதலாளி மாதிரி சொன்னான்." ஆர்வில் சிரித்தார். "துரோகியாவே இருந்துட்டுப் போகட்டுமே. பிளாஸ்டிக்தானே?"

லொரெய்ன் சிரிக்காமல் தொடர்ந்தாள். அந்தக் காலத்தில் அவள் அந்தப் பொம்மைக் கம்பெனியின் தொலைபேசிப் பிரிவில் வேலை பார்த்தாள். எந்தப் பிள்ளை கூப்பிட்டாலும், 'ஆறிலிருந்து எட்டு வாரத்தில் வந்துவிடும்' என்ற ஒரே வாக்கியம்தான் சொல்லலாம். அதற்கு மேல் பேசினால் சூப்பர்வைசர் பின்னால் வந்து நிற்பார். அப்படி ஒரு நாள் அந்தச் சிறுவன் கூப்பிட்டான். டோபின் வந்துவிட்டான், ஆனால் எந்தப் பக்கம் என்று தெரியவில்லையாம்.

"தெரியலப்பான்னு சொல்லிட்டு ஃபோனை வைக்கப் போனேன். அவன் மெதுவா, 'எங்கப்பாவும் இன்னைக்கு ஜெயில்லேர்ந்து வர்றாரு'ன்னான். அப்புறம் எப்படி வைப்பேன்?"

வண்டியின் வேகம் தானாகக் குறைந்தது.

"நானே ஒரு கதை கட்டினேன். டோபின் கொஞ்ச நாள் தப்பான பக்கம் இருந்தவன், இப்போ திரும்பி வந்துட்டான், உங்கப்பா மாதிரியே. வழியில நின்னுபோனவங்களை, எந்தப் பக்கத்து ஆளுன்னு கேக்காம இழுத்துக்கிட்டுப் போய் வீட்ல விடுவான்னு சொன்னேன். முத்திரை இல்லையேன்னு கேட்டான். உங்கம்மாவோட நகப்பூச்சை எடுத்து அவன் நெஞ்சுல ஒரு சிவப்புப் பொட்டு வை, திரும்பி வந்தவங்களுக்கு அதான் அடையாளம்னேன்."

லொரெய்ன் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டாள்.

"அந்தப் பையன் எங்கேயோ இருக்கான். புத்தகத்துல துரோகின்னு படிச்சா, நான் பொய் சொல்லிட்டேன்னு நினைப்பான். அவங்கப்பாவைப் பத்திச் சொன்னதும் பொய்னு ஆயிடும்."

ஆர்வில் சட்டைப் பைக்குள் கைவிட்டு எதையோ தொட்டுப் பார்த்துக்கொண்டார். சிகரெட்டாக இருக்கும் என்று நினைத்தாள்.

"அந்த அப்பன் என்ன ஆனான்?"

"தெரியாது. நேத்து ராத்திரிகூட ஜெபத்துல அவரைச் சேர்த்துக்கிட்டேன்."

அதுவரை ஓரமாக ஊர்ந்த வண்டி, முன்னால் போன லாரிகளை எல்லாம் முந்தியது. மூன்று மணிக்குச் சற்று முன்பே அரங்கு வந்துவிட்டது. சாவியைக் கொடுத்துவிட்டு ஓடுங்கள், காரை இங்கேயே இறக்கி வைக்கிறேன் என்றார்.

உள்ளே லொரெய்ன் அந்தச் சிறுவனுக்குச் சொன்ன கதையைச் சொன்னாள். யாரும் கேலி செய்யவில்லை. இதற்கு ஆதாரம் ஏதாவது உண்டா என்று கூட்டத் தலைவர் பணிவாகவே கேட்டார். அவளிடம் நினைவைத் தவிர எதுவும் இல்லை. கைகள் உயர்ந்தன. டோபின் துரோகி ஆனான். ஒரு பெண் வந்து, மன்னிச்சுக்குங்க என்று காபி கொடுத்துவிட்டுப் போனாள்.

வெளியே வந்தபோது மழை விட்டிருந்தது. ஆர்வில் போய்விட்டிருந்தார். சாவி காரிலேயே தொங்கியது. நம்பிக்கையில்லாமல் திருப்பினாள். எஞ்சின் உடனே உயிர் பெற்றது. இறங்கி மூடியைத் தூக்கிப் பார்த்தாள். புதிய பெல்ட் மாட்டியிருந்தது. கூலிச் சீட்டு எங்கும் இல்லை.

பக்கத்து இருக்கையில், சாம்பல் நிறத்தில் குட்டியாக ஓர் இழுவை வண்டி இருந்தது.

அதை ரோபோவாக மாற்றும் விதத்தைக் கை மறக்கவில்லை. கொக்கியை மடக்கி, கால்களை இழுத்து நிமிர்த்தினாள். நெஞ்சில், கட்டைவிரல் பட்டுப் பட்டுத் தேய்ந்த ஒரு சிவப்புப் பொட்டு.

இது அந்தப் பையனுடையதுதான் என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் இத்தனை காலம் அதைச் சட்டைப் பையில் வைத்துக் காத்து வந்தவர், அன்று ஜெயிலிலிருந்து வீடு திரும்பிய அந்த அப்பாதான்.