ஏரியிலிருந்து வந்த விமானம்

சிலேஷே விமானப் பாதுகாப்பு ஆய்வாளர். ஏரிக்கரைத் தளத்தில் நின்ற சிறிய விமானமொன்றின் இறக்கையில் விரிசலைக் கண்டு, அது பறக்கக் கூடாதென்று தடை போட்டுவிட்டுத் தலைநகர் லுசாக்காவுக்குப் போனாள். பொறுப்பைக் கபெம்ப்வாவிடம் விட்டிருந்தாள். அவளோடு ஒரே தட்டில் நிஷிமாக் களி சாப்பிட்ட சகா அவன். விமான முதலாளி தன் மச்சான் என்பதால் அவன் தடையை நீக்கிவிட்டான். விமானம் பங்வேலு ஏரியில் விழுந்து மூழ்கியது, ஒருவரும் பிழைக்கவில்லை.

“தடைய எடுத்தது நீங்கதான்னு மேலிடத்துல சொல்லிட்டேன்க்கா. எனக்குப் புள்ளகுட்டி இருக்கு,” என்றான் கபெம்ப்வா, அவள் அலுவலகத்துக்குத் திரும்பி வந்த மதியம்.

“கூட இருந்தே கழுத்தறுத்துட்டியேடா!”

வெளியே, ஏரியில் மூழ்கிய அதே விமானம் வந்து இறங்கியது. பயணிகள் நனைந்த உடையோடு வெயிலில் நடந்து அலுவலகத்துக்குள் வந்தார்கள். சிலேஷேயை யாரும் பார்க்கவில்லை. ஒவ்வொருவராகக் கபெம்ப்வாவின் கையைக் குலுக்கி நன்றி சொன்னார்கள்.

“உங்களுக்கும் ஒரு சீட் இருக்கு, வாங்க சார்,” என்றார் விமானி.

கபெம்ப்வா சிலேஷேயின் பக்கம் திரும்பினான். “அக்கா, இது பறக்கக் கூடாதுன்னு சொல்லுங்கக்கா. நீங்க சொன்னாக் கேப்பாங்க.”

“தடையத்தான் நான் எடுத்துட்டேனே,” என்றாள் சிலேஷே.

அவர்கள் அவனை நடுவில் வைத்து விமானத்துக்கு அழைத்துப் போனார்கள். தரையில் அவனுடைய காலடிகளும் ஈரமாகவே பதிந்திருந்தன.