ஏழு என்று எழுதிய பாட்டில்

இறால் பண்ணையின் மோட்டார் கொட்டகைத் தூணில் காவக்காரர் ஐயாவுவைக் கட்டிப் போட்டிருந்தார்கள்.

"குட்டைத் தண்ணி பி.எச். எட்டு இருக்கணும். மீட்டர் அஞ்சு காட்டுது. எவனோ ஆசிட் ஊத்தியிருக்கான்," என்று முதலாளி கத்தினார். "எவனோ என்ன எவனோ? இவன்தான்! நம்ம குட்டையால வயலு உப்பாயிடுச்சுன்னு கோர்ட்டுக்குப் போனவன்தானே? கையை வெட்டி எடுங்கடா!"

அரிவாளோடு ஒருவன் நகர்ந்தான்.

"மீட்டரே தப்பாக் காட்டலாம் சார்," என்றாள் பண்ணைத் தண்ணீரைச் சோதிக்கும் லேப் செவ்வந்தி. "ஒரு தடவை சரிபார்த்துடறேன்."

மீட்டரைச் சரிபார்க்க வைத்திருக்கும், 'ஏழு' என்று எழுதியிருந்த பஃபர் கரைசல் பாட்டிலை எடுத்து வந்தாள். "மீட்டர் சரியா இருந்தா இதுல ஏழு காட்டணும்."

மீட்டரின் கண்ணாடி முனையை அதில் நனைத்தாள். எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள்.

அஞ்சு.

"முனை காஞ்சு கெட்டுப்போச்சு சார். தண்ணியில ஒண்ணுமில்ல."

முதலாளி காறித் துப்பினார். "அவுத்து விடுங்கடா." ஆட்களை ஏற்றிக்கொண்டு ஜீப் கிளம்பியது.

ஐயாவு அவள் பக்கம் திரும்பினார். "தங்கச்சி, சத்தியமா நான் எதையும் ஊத்தல."

"தெரியும்ண்ணே." செவ்வந்தி பாட்டிலைத் தரையில் கவிழ்த்தாள். "இதுவும் குட்டைத் தண்ணிதான். மாத்தி ஊத்தி வச்சேன். மீட்டர் சரியாத்தான் காட்டுது."

"அப்ப ஆசிட் ஊத்துனது...?"

"எங்கப்பா வயலும்தான் உப்பாப்போச்சு." அவள் குட்டைப் பக்கம் பார்த்தாள். "சீக்கிரம் நடங்கண்ணே. இறால் செத்து மிதக்கிறதுக்குள்ள நாம மாயவரம் பஸ்ஸுல ஏறிடணும்."