பலவீனம் ஒன்று கட்டாயம்

மேஜையைச் சுற்றி உட்கார்ந்து ஆளுக்கொரு வேஷம் கட்டி ஆடும் மாயாஜால விளையாட்டு அது.

“மொதல்ல உங்க கடற்கொள்ளையனை உருவாக்குவோம் மாப்ள” என்று பகடையைக் குலுக்கினான் மனைவியின் அண்ணன்.

கணவன் நாற்காலியை இழுத்துப் போட்டான். “ஒத்தைக் கண்ணு. மந்திர வாள். பேரைக் கேட்டாலே பேய் நடுங்கும்.”

“செத்தா புதையல் யாருக்கு?”

“பொண்டாட்டிக்குத்தான். எனக்கு வேற யாரு இருக்கா?”

பக்கத்தில் இருந்த மனைவி புன்னகைத்தாள்.

“பலவீனம் ஒண்ணு கட்டாயம் வேணும். அதான் விதி.”

“நீச்சல் தெரியாது.”

“கடற்கொள்ளையனுக்கா?”

“எனக்கே தெரியாதே. முழங்கால் தண்ணியில நின்னாலே உதறும்.” சிரித்துக்கொண்டே டீ போட எழுந்து போனான்.

அண்ணன் பகடையை டப்பாவில் போட்டு மூடினான். “நாளைக்குப் படகுக்கு லைஃப் ஜாக்கெட் மூணு எடுத்து வச்சிருக்கேன்.”

“ரெண்டு போதும்ணா” என்றாள் தங்கை.